கால் காந்துது

ஊரில் எங்கள் வீட்டுப் பட்டாசாலைக்குச் சிவப்பு சிமெண்ட் தரை. ராத்திரி பத்து, பத்தரை மணிக்கு அப்பா கட்டிலை விட்டு இறங்கி வந்து, பாய்கூட விரிக்காமல் அந்தத் தரையில் படுத்துக்கொள்வார். இரண்டு பாதங்களையும் தூக்கிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார். ஒட்டிய இடம் சூடாகிவிட்டால் கொஞ்சம் தள்ளிக் குளிர்ந்த இடமாகப் பார்த்து மறுபடியும் ஒட்டுவார். சில நாள் சொம்பில் தண்ணீர் எடுத்துப் பாதத்தில் ஊற்றிக்கொள்வதும் உண்டு. கேட்டால், "கால் காந்துது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அம்மாவைப் பொறுத்தவரை அது உடம்புச் சூடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், காலையில் வெறும் வயிற்றில் ஊற வைத்த வெந்தயம், சித்திரை வைகாசியில் பதநீர். அப்பா மறுபேச்சு பேசாமல் எல்லாவற்றையும் செய்தார். காந்தல் மட்டும் நின்றபாடில்லை.

அவர் நடையும் ஒரு மாதிரி. முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தைத் தொப்பென்று போடுவார். இருட்டில் அவர் தெருமுனை திரும்பும்போதே வருவது யார் என்று தெரிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே சதை வற்றி, பாதம் வில்லாக வளைந்து, விரல்கள் மடங்கியிருக்கும். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்த கால் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. என் அப்பத்தாவுக்கும் அச்சு அசலாக இதே கால். இளம்பிள்ளைவாதம் எப்படித் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, எனக்கும் அதே கால் என்பது தெரிந்த பிறகும்.

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் நான்தான் எப்போதும் கடைசி. மாதத்துக்கு ஒருமுறை கணுக்கால் பிசகும். ஹவாய் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்னால் கிடக்கும், நான் நாலு அடி தள்ளிப் போன பிறகுதான் அது தெரியவரும். செருப்பைப் பிடித்துக்கொள்ள விரலுக்குப் பலம் வேண்டும் என்பதே எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி.

வலி வந்தது முப்பத்து நாலாவது வயதில். மதுரையில் பள்ளி ஆசிரியை வேலை, கணக்குப் பாடம், ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு நின்றபடி. ஒரு ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. போர்வையின் நுனி பெருவிரலில் பட்டதற்குத் துள்ளி எழுந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் காலில் ஒன்றுமே இல்லை. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, தொட்டால் குளிர்ந்துதான் இருக்கிறது. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: உடம்புச் சூடு. மறுநாள் வெந்தயம் ஊற வைத்தேன்.

அடுத்த இரண்டு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "சுகர் இருக்கா?" என்பதுதான். மூன்று இடத்தில் ரத்தம் கொடுத்தேன், சுகர் இல்லை. ஓர் எலும்பு மருத்துவர் வலி மாத்திரை எழுதினார். எரிச்சல் காலிலிருந்து வயிற்றுக்கும் வந்ததுதான் மிச்சம். "நரம்புல ஏதோ கோளாறுடி" என்று தோழி ஒருத்தியிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். நம் ஊர்ச் சுவர் விளம்பரங்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை எதற்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். நரம்பு நோயாளிகளுக்கு இப்படியும் ஒரு சங்கடம்.

2014ல் பார்த்த நரம்பியல் மருத்துவர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். அதுவரை பார்த்த யாரும் அதைச் சொல்லவில்லை. பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார். என்னால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. பிறகு கேட்டார்: "உங்க அப்பா அம்மா காலைப் பார்க்கலாமா?" அடுத்த வாரம் அப்பாவைப் பேருந்தில் கூட்டிவந்தேன். அவர் அறைக்குள் நடந்து வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி விடை நரம்புக் கடத்தல் பரிசோதனையில் கிடைத்தது. கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் தகவல் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பார்கள். கொஞ்சம் வேதனைதான், தாங்கிக்கொள்ளலாம். கை நரம்பில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 21 இருந்தது. அப்பாவுக்கு 20. அதற்குப் பிறகு ரத்தத்தில் மரபணுச் சோதனை. நோயின் பெயர் சார்க்கோ-மரி-டூத், அதில் 1ஏ வகை.

பெயரைக் கேட்டுவிட்டு என் சித்தி, "பல்லு நோய்க்கு எதுக்குடி காலைப் பார்க்கிறாங்க?" என்றார். டூத் என்பது மனிதர் பெயர். 1886ல் பிரான்சில் சார்க்கோவும் மரியும், இங்கிலாந்தில் டூத்தும் தனித்தனியாக இந்த நோயை விவரித்து எழுதினார்கள். பரம்பரையாக வரும் புற நரம்பு நோய்களில், அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகளின் நோய்களில், இதுதான் அதிகம் காணப்படுவது. 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1ஏ வகையில் நடப்பது இது: 17ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்ற மரபணு இருக்கும் பகுதி ஒரு பிரதி கூடுதலாக வந்துவிடுகிறது. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறைக்கான புரதத்தைச் செய்யும் மரபணு அது. ஒரு பிரதி கூடினால் அந்தப் புரதமும் கூடி, உறை ஒழுங்காக அமைவதில்லை. தகவல் மெதுவாக ஓடுகிறது. வருடங்கள் போகப் போக உள்ளே இருக்கும் நரம்பிழையும் நலிகிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதால் கேடு அங்கே தொடங்குகிறது.

செலவு பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடத்தல் வேகம் இப்படிக் குறைந்து, குடும்பத்திலும் இருந்தால், முதலில் அந்த ஒரு மரபணு இரட்டித்திருக்கிறதா என்று பார்க்கும் எம்.எல்.பி.ஏ. சோதனை போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நூறு மரபணுவை ஒன்றாகப் படிக்கும் பெரிய சோதனைக்கு விலை அதிகம். அதில் இந்த இரட்டிப்பு சில சமயம் தவறிப்போவதும் உண்டு.

சரி, நோயின் பெயர் தெரிந்துவிட்டது. வலி? அந்த வருடமே இன்னொரு மருத்துவரிடம் ராத்திரி எரிச்சலைச் சொன்னபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த நோயில் வலி வராதே மேடம். டென்ஷனா இருக்கும்." அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மருத்துவப் படிப்பில் ரொம்ப நாளாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: தசை மெலியும், உணர்வு குறையும், வலி பெரிதாக இராது என்று. 1998ல் அமெரிக்காவில் இந்த நோய் உள்ள 600க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தபோது பத்தில் ஏழு பேர் வலி இருக்கிறது என்றார்கள். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டிருக்கவில்லை.

நான் எடுத்த கடத்தல் பரிசோதனையிலும் அந்த வலி தெரியாது. அது அளப்பது தடித்த, வேகமான நரம்பிழைகளை. எரிச்சலையும் சூட்டையும் சுமந்து போவது மெல்லிய இழைகள். அவை அந்தக் கருவியின் கணக்கிலேயே வராது. ரிப்போர்ட்டில் இல்லாத வலி பொய் வலி ஆகிவிடாது. இது முன்பே தெரிந்திருந்தால் 'டென்ஷன்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

வாயைத் திறக்க வைத்தவர் எங்கள் மருத்துவமனையில் இருந்த பிசியோதெரபிஸ்ட். மருத்துவர்கள் வழக்கமாகப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு எண் கேட்பார்கள். நான் கணக்கு டீச்சர், எண் சொல்வதில் சிரமம் இல்லை. 'ஏழு' என்பேன். ஏழுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை பாதி நாள் கேட்கும், பாதி நாள் கேட்காது. அவர் எண்ணைக் கேட்கவில்லை. "எப்படி வலிக்குதுன்னு உங்க ஊர்ப் பேச்சுல சொல்லுங்க" என்றார். நான் கொட்டிவிட்டேன். ராத்திரி காந்துது. திடீர்னு சுருக்குனு கரண்ட் அடிக்குது. கெண்டைக்கால் புடிச்சு இழுக்குது. சாயந்திரம் ஆனா முட்டியும் இடுப்பும் உளையுது. பாதத்து ஓரத்துல கல்லு மேல நிக்கிற மாதிரி நோவுது. விரலெல்லாம் மதமதன்னு கிடக்குது.

அவர் சிரித்துக்கொண்டே, "இதுல நாலு வலி இருக்கு. நீங்க எல்லாத்தையும் கூட்டி ஏழுன்னு சொல்லிட்டு இருக்கீங்க" என்றார்.

கணக்கு டீச்சருக்கு இதைவிட உறைக்கும்படி யாரும் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு அலகுகளைக் கூட்டக் கூடாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று மாதம் தினமும் எழுதினேன்: எந்த வலி, எந்த நேரம், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன், எதற்கு அடங்கியது. வாக்கியமெல்லாம் இல்லை, நாலு சொல்தான். 'காந்தல், இரவு 11, நேற்று கல்யாணம், தரை' என்கிற மாதிரி.

மூன்று மாதத்தில் தெரிந்தது இது. என் வலியில் பெரிய பங்கு நரம்பு வலியே இல்லை. உளைச்சலும் நோவும்தான் அதிகம். அவை சாயந்திரம் வரும், உட்கார்ந்தால் குறையும், நின்ற மணி நேரத்துக்கு ஏற்றபடி கூடும். பலம் இல்லாத கணுக்காலுக்காக முட்டியும் இடுப்பும் கூடுதலாக உழைப்பதால் வரும் வலி அது. வளைந்த பாதத்தில் எடை முழுவதும் குதியிலும் வெளி ஓரத்திலும் விழுவதால் வரும் வலி அது. அதற்கு நரம்பு மாத்திரை போட்டு என்ன பயன்? காந்தலும் கரண்ட் அடிப்பதும் வேறு. அவை ஓய்வில்தான் வரும். படுத்த பிறகு, வீடு அடங்கிய பிறகு. அதற்கு இடுப்புப் பட்டை போட்டும் பயன் இல்லை.

முதலில் உளைச்சலையும் நோவையும் கவனித்தேன். அங்கேதான் எனக்கு அதிக லாபம்.

என் பாதத்து வெளி ஓரத்தில் ஆணி மாதிரி தோல் காய்த்திருந்தது. பிளேடால் நானே சீவுவேன். உணர்வு குறைந்த காலில் பிளேடு வைப்பதைப் போன்ற முட்டாள்தனம் கிடையாது, ஒருமுறை ரத்தம் வந்தது தரையில் கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தோல் காய்ப்பது அழுத்தத்தால். அழுத்தத்தை மாற்றாமல் தோலைச் சீவினால் மறுபடி காய்க்கும். பிசியோதெரபிஸ்ட் எம்.சி.ஆர். செருப்புக்கு எழுதிக்கொடுத்தார். நுண்துளை ரப்பரில் செய்வது, தொழுநோய் மருத்துவமனைகளின் செருப்புப் பிரிவிலும் சர்க்கரை நோய்க் கால்களைக் கவனிக்கும் இடங்களிலும் கிடைக்கும். அதை எழுதியபோது என் மாமியார் முகம் சுளித்தார். தொழுநோய் செருப்பா என்று.

அந்தச் செருப்புக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் புண்பட்டுப் புண்பட்டுத் தேய்கின்றன என்பதை எடுத்துக்காட்டியவர் அவர். கால்களைக் காப்பாற்றச் செருப்பு முக்கியம் என்று அங்கே விதம் விதமாகச் செய்து பார்த்தார்கள். வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து, வேலை செய்யாத தசையின் இடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சையை அவர் கைகளுக்குச் செய்தார். தொங்கிப்போகும் எங்கள் மாதிரிப் பாதங்களுக்கும் அதே வழியில் செய்யும் அறுவை சிகிச்சை இன்று உண்டு. உணர்வில்லாத கால் யாருடையதாக இருந்தால் என்ன, அதற்குத் தேவை ஒன்றுதான். மாமியாரிடம் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. செருப்பை வாசலில் விடாமல் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடந்தேன், ஒரு வாரம் பேச்சு வாங்கினேன், அப்புறம் பழகிவிட்டார்.

அதோடு ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி. கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து உள்ளங்கால் வரை வரும், பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும். புடவைக்குள் தெரியாது. ஷூ மட்டும் ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். முதல் தாங்கி கணுக்கால் எலும்பில் உரசிப் புண்ணாக்கியது, நான் அதை அலமாரியில் தூக்கிப் போட்டேன். எட்டு மாதம் கழித்துத்தான் அதைச் சூடு பண்ணி வளைத்துத் திருத்தலாம் என்பதே தெரிந்தது. தாங்கி உரசினால் செய்தவரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள், வெட்கமே வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் சரியாக அமையும். புதிதாகப் போடும்போது முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கழற்றித் தோலைக் கண்ணால் பாருங்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது, வலிக்காதுதான்.

தாங்கி போட்ட ஆறு வாரத்தில் இடுப்பு உளைச்சல் பாதியாகக் குறைந்தது. நோட்டில் இருக்கிறது. ஒரு மாத்திரையும் செய்யாத வேலை.

கெண்டைக்கால் பிடிப்பு, எங்கள் பக்கம் குரக்களி என்போம், விடியற்காலை நாலு மணிக்கு ஆளை எழுப்பிவிடும். படுக்குமுன் உட்கார்ந்து காலை நீட்டி, துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து அரை நிமிடம் பிடிப்பேன். காலுக்கு நாலு தடவை. இது குதிநாண் சுருங்காமல் இருக்கவும் உதவும். தினமும் செய்தால் கேட்கும், ஒரு வாரம் விட்டால் அது வந்து ஞாபகப்படுத்தும்.

காந்தலுக்கு வருகிறேன். இதற்கு மருந்து வேண்டியிருந்தது. இந்த நோயின் மூலத்தையே மாற்றும் மருந்து இன்னும் இல்லை. எலிகளில் வைட்டமின் சி நல்ல பலன் காட்டி, 2004க்குப் பிறகு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மனிதர்களிடம் பல நாடுகளில் சோதித்தபோது பலன் இல்லை. ஆகவே இருப்பது வலியைத் தணிக்கும் மருந்துகள். ப்ரீகாபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின். இவை பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலியில் சோதிக்கப்பட்டவை, எங்களுக்கு இரவல். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் காந்தலுக்குக் கேட்காது. நான் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு தெரிந்துகொண்ட பாடம்.

எனக்கு முதலில் இரவு ப்ரீகாபாலின் 75 மில்லிகிராம். முதல் வாரம் காலை முதல் பீரியடில் கரும்பலகை மிதந்தது. இரண்டாம் வாரம் மிதப்பது நின்றது, மூன்றாம் வாரம் காந்தல் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மூன்று மணி நேரத் தூக்கம் ஐந்தரை மணி நேரம் ஆனது, அதுவே எனக்கு வரம். ஆறு மாதத்தில் எடை நாலு கிலோ ஏறியது, கணுக்கால் வீங்கியது. எடை ஏறினால் பாதம் நோகும். ஒரு வலிக்குப் போட்ட மாத்திரை இன்னொரு வலியை வளர்க்கிறது! நோட்டைக் காட்டினேன். மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்து, அமிட்ரிப்டிலின் 10க்கு மாற்றினார். வாய் வறட்சி, கொஞ்சம் மலச்சிக்கல், அதோடு சரி. இன்றுவரை அதுதான். என் உடம்புக்கு ஒத்துவந்தது இது, உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ப்ரீகாபாலினை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டு, மூன்று நாள் தூக்கமில்லாமல், வியர்த்து, படபடத்து நான் பட்டது போதும்.

கேப்சைசின் களிம்பும் போட்டுப் பார்த்தேன். மிளகாய்க்குக் காரம் கொடுப்பது எதுவோ அதுதான் இது. மிளகாய் பூசினது போல எரியும் காலுக்கு மிளகாயையே பூசுவது வேடிக்கையாக இருந்தது. முதல் சில நாள் எரிச்சல் கூடும், விடாமல் போட்டால் அந்த நரம்பு முனைகள் ஓய்ந்துவிடும் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் கேட்டது. ஆனால் கையை நன்றாகக் கழுவாமல் ஒரு நாள் கண்ணைக் கசக்கினேன், அதோடு அந்தக் களிம்புக்கும் எனக்கும் உறவு முறிந்தது.

மருந்தில்லாத சில்லறை உபாயங்கள்தான் ராத்திரியை ஓட்ட உதவுகின்றன. கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியைப் படுக்க வைத்து அதன் மேல் போர்வையை விரிப்பேன். போர்வை காலில் படாது, உள்ளே கூடாரம் மாதிரி இருக்கும். என் கணவர் முதலில் சிரித்தார். மின்விசிறிக் காற்று நேராகப் பாதத்தில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். கல்யாண வீடு, தேர்வு மேற்பார்வை என்று நாள் முழுக்க நிற்க வேண்டி வந்தால் காந்தல் அன்று ராத்திரி வராது, மறுநாள் ராத்திரிதான் வரும். இதைக் கண்டுபிடித்ததும் நோட்டுதான். அதனால் இப்போதெல்லாம் விசேஷத்துக்கு மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

வெந்நீர் கதையைச் சொல்லியாக வேண்டும். கால் எரியுது என்றால் நம் வீடுகளில் யாராவது ஒருவர் கல் உப்பு போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொல்வார்கள். நானும் வைத்தேன். இதமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து எடுத்தால் இடது குதியில் கொப்புளம். கையை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என்ன கொதி கொதித்திருக்கிறது என்று. காந்தலைத் துல்லியமாக உணரும் அதே கால் கொதிநீரை உணரவில்லை. புண் ஆற ஏழு வாரம் ஆனது. இப்போது தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் கால் வைப்பதில்லை. வீட்டில் வேறு யாராவது தொட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கையிலும் உணர்வு குறைந்திருக்கும். கோயிலில் மத்தியானப் பிராகாரத்தைச் சுற்றுவதையும் விட்டுவிட்டேன். சாமி விடிகாலையிலும் அங்கேதான் இருக்கிறார்.

இன்னொரு தவறும் செய்தேன். எல்லாவற்றையும் பரம்பரை நோயின் தலையில் போட்டேன். 2019ல் மதமதப்பு வேகமாக ஏறியது, சில மாதத்தில் முழங்கால் வரை வந்தது. 'நம்ம வியாதி முற்றுகிறது' என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இந்த நோய் வருடக் கணக்கில்தான் நகரும், மாதக் கணக்கில் நகர்ந்தால் வேறு ஏதோ கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் ரத்தம் எடுத்தார். வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். ஊசி போட்ட பிறகு ஏறியதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. இந்த நோய் இருப்பவருக்குச் சர்க்கரை வரலாம், தைராய்டு வரலாம், தண்டுவட வட்டு பிதுங்கலாம். சிறுநீர் கழிப்பதில் சிக்கல், ஒரு பக்கம் மட்டும் திடீர் பலவீனம் என்றால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஓடுங்கள். அதே மாதிரி 'நரம்பு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி வருடக் கணக்கில் விழுங்குவதிலும் கவனம் வேண்டும். அவற்றில் இருக்கும் வைட்டமின் பி6 அளவுக்கு மீறிப் பல மாதம் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

என் கைப்பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கும். நோயின் பெயர், அதன் கீழே 'வின்கிரிஸ்டின் கூடாது' என்று. சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் மருந்து அது. எங்கள் வகைக்காரர்களுக்கு அதைக் கொடுத்துச் சில வாரத்திலேயே கை கால் கடுமையாகச் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எனக்குப் புற்றுநோய் இல்லை, வரவும் வேண்டாம். ஆனால் குடும்பத்தில் இன்னும் சோதிக்காதவர்கள் இருக்கிறார்களே. அதனால்தான் சித்தப்பா பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "இதெல்லாம் வெளியே சொல்லாதே, வீட்ல பொண்ணு இருக்கு" என்றார்.

அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று அம்மாவைக் காலமெல்லாம் பேசினார்கள். அவர் அப்பாவுக்கு மாமன் மகள். 1ஏ வகைக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை, தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுவதால் கூடும் வேறு வகைகளும் இருக்கின்றன, எங்களுடையது அது இல்லை. இதை அம்மாவிடம் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

என் மகளுக்குப் பதினாலு வயது. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மரபணுச் சோதனை வேண்டாம், வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும் என்றார் மருத்துவர். அவள் குதிகாலால் நன்றாக நடக்கிறாள். மாதம் ஒருமுறை சமையலறையில் நடக்கச் சொல்லி விளையாட்டு மாதிரி பார்த்துக்கொள்கிறேன். விளையாட்டு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது தசைப் பலத்தையும் மூட்டு அசைவையும் அளந்து சதவீதம் போட்டார்கள். காந்தலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 40க்கு மேல் வந்துவிட்டது, அது போதும். அதைக் காட்டித்தான் பள்ளியில் கீழ்த்தள வகுப்பும் ஒரு நாற்காலியும் கேட்டு வாங்கினேன்.

அப்பாவுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தோம். எழுபது தாண்டிய உடம்பு, தலைசுற்றல் வந்து குளியலறையில் தடுமாறினார். விழாதவனுக்கு மருந்து கொடு, விழுகிறவனுக்கு வேண்டாம் என்று அவராகவே சொல்லிவிட்டார், மருத்துவரும் சரி என்றார். ஊர் வீட்டை எடுத்துக் கட்டியபோது என் தம்பி எல்லா இடத்திலும் டைல்ஸ் போட்டான். பட்டாசாலையில் சுவரோரம் ஆறடிக்கு மட்டும் பழைய சிவப்பு சிமெண்டைத் தொடக் கூடாது என்று அப்பா உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ராத்திரி எனக்குக் கால் காந்தியது. மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை. எழுந்து பட்டாசாலைக்கு வந்தேன். அப்பா ஏற்கெனவே அங்கே சுவரில் காலை ஒட்டிக்கொண்டு கிடந்தார். நானும் பக்கத்தில் படுத்து என் கால்களைத் தூக்கிச் சுவரில் வைத்தேன். நாலு பாதமும் ஒரே மாதிரி வளைந்திருந்தன. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"அங்கன வைக்காதம்மா," என்றார். "அது இப்பத்தான் நான் வச்சு எடுத்தேன், சூடா இருக்கும். இந்தப் பக்கம் தள்ளிப் படு."